நான் கொன்ற குதிரைகள்

பழைய புத்தகக் கடையில் அந்த வெள்ளைக் குதிரைப் புத்தகத்தை விரித்ததும் ஈரக் காகித மணத்தோடு, சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த, இப்போது இல்லாமல்போன, உடுப்புத் தோய்க்கும் லோண்ட்ரி அறை நினைவில் திரும்பி வந்தது. உடுப்புக் காயவைக்கும் ட்ரையருக்குள் காற்சட்டைப் பொத்தான்கள் குளம்படிச் சத்தத்தோடு ஓட, ஊரிலிருந்து புதிதாக வந்த, இங்கிலிஷ் தெரியாத மச்சாள் ரஜிக்கு, அங்கே யாரோ விட்டுப்போன இந்தப் புத்தகத்தையும் மற்றக் குதிரைக் கதைகளையும் நான்தான் தமிழில் சொல்வேன். புத்தகத்தில் உயிர் பிழைத்த குதிரைகளையெல்லாம் கடைசியில் சாகடிப்பேன். சூடான உடுப்புகளுக்குள் முகம் புதைத்து அவள் அழுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

ரஜி இப்போது இருக்கும் ஒஷாவாவுக்குப் போன் எடுத்தேன்.

"ரஜி, அந்த வெள்ளைக் குதிரைப் புத்தகம் கிடக்கு. உன்ர மகளுக்கு வாங்கட்டோ?"

"வேண்டாமடி. அது கடைசியில செத்துப்போகுமெல்லோ? பிள்ளை என்னை மாதிரி அழுவாள்."

"ஓமடி, செத்துத்தான் போகும்" என்றேன்.