டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்

இன்று காலை கிளினிக்கில், மார்பில் தட்டுப்பட்ட கட்டிக்கு எடுத்த ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் என் பெயரா என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ ராஜிதானே?"

திரும்பினால் கமலா அக்கா! பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த ஃபேக்டரியின் பஸ்ஸில் ஆறு வருடம் என்னோடு வந்தவர். பார்த்து இருபது வருடம் இருக்கும்.

டீசல் வாசமும் கால்வலித் தைல வாசமும் கலந்த அந்த பஸ்ஸில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்து திரும்பும்போது, மாமியாரோ சூப்பர்வைசரோ, என்ன கவலையானாலும் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து புலம்பலாம். அதுவும் வழியில் வரும் செங் என்ற ஊரின் சிக்னல் வரைக்கும்தான். பிறகு எழுந்து கடைசி சீட்டுக்குப் போய், அன்று நடந்த ஒரு நல்லதைச் சொல்ல வேண்டும். "இன்னிக்கு கேண்டின் சம்பல் நல்லா இருந்துச்சு" என்றாலும் பஸ்ஸே கைதட்டும்.

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார்.

"சிக்னல் வந்துருச்சு. எந்திரி லா."

எழுந்து போய்க் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தோம். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

"இப்ப சொல்லு, நல்லது என்ன?"

"உங்களப் பாத்தேன்க்கா."

அக்கா அங்கேயே கைதட்டினார்.

டாக்டர் அடுத்த வாரம் இன்னொரு டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். கவலை இருக்கத்தான் செய்கிறது, சிக்னல் வரைக்கும்.

அந்த பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கடைசி சீட்டில் எனக்கு ஓர் இடம் பிடித்து வையுங்கள்.