பாக்கியவதி அக்காவின் கட்டைவிரல்

“இந்த மனுசர் கையில புளியும் சாம்பலும் கெடைச்சா, என்னையக்கூட உக்கார வச்சுத் தேச்சுப்புடுவாவ.”

பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு பாக்கியவதி அக்கா, இதைச் சொல்லாமல் ஒரு நாள்கூட அடுப்பு மூட்டியதில்லை. மனுசர் என்றது அவள் வீட்டுக்காரர் ஞானையாவை. கால்வாய் இலாகா துரையின் பங்களாவில் அவர் பட்லர். வெள்ளிக் கரண்டியும் முள்ளும் தேய்த்துத் தேய்த்து, பளபளக்காத எதையும் பார்க்கச் சகிக்காத கண் ஆகிவிட்டது அவருக்கு. எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளையே ஒரு நாள் கேட்காமல் தேய்த்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு வேலை தெரிந்தால் உலகத்தில் எல்லா வேலைக்கும் அதுவே போதும் என்று நினைக்கிற ஆள்.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். பங்களா வாசலில் காவல் நின்ற சிவசைலம் ஏட்டும் பென்ஷன் வாங்கிக்கொண்டு நாங்குநேரிப் பக்கம் போய்விட்டார். இனி எழுதினால் யார் சோற்றிலும் மண் விழாது. அதனால் எழுதுகிறேன்.

மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டரைச் சுட்டதற்கு அடுத்த வருஷம், ஐப்பசி மாதம். துரைமார் பங்களா ஒவ்வொன்றுக்கும் வாசலில் போலீஸ் காவல் போட்டிருந்தார்கள். எங்கள் தெருக் கோடியில் ஒரு வாத்தியார் இருந்தார். அவர் கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்த குழல் ஒன்று கிடந்தது. அவர் அப்பா குருவி சுட்ட துப்பாக்கியின் குழல். அதற்காக அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்தவர், அதற்குப் பிறகு தெருவில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பாக்கியவதி அக்கா பாம்பை விளக்குமாற்றால் அடிக்கிறவள். அவளே அந்த வாத்தியார் வீட்டைத் தாண்டும்போது நடையைக் கூட்டுவாள்.

கால்வாய்த் துரையும் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி இடுப்பில் வைத்திருந்தார். புது மாதிரி. தோட்டா ஏழும் ஒரு தகரக் கூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கூட்டைப் பிடிக்குள் சொருகினால் ஆயிற்று. கூட்டுக்குள்ளே ஒரு சுருள்கம்பி, அதன் தலையில் ஒரு சின்னத் தகடு. தகடுதான் தோட்டாவை மேலே தள்ளும். மழைக்காலத்தில் துருப்பிடிக்கும் என்று ரெண்டு கூடு வைத்திருந்தார். ஒன்று துப்பாக்கியில், ஒன்று அலமாரியில். அலமாரியில் இருப்பதை வாரம் ஒரு தரம் சுத்தம் பண்ணுவது ஞானையா அண்ணன் வேலை. தோட்டாவை எல்லாம் எடுத்து வேறு அறையில் வை, கூட்டின் வாய் முகத்துக்கு நேரே இருக்கக் கூடாது, உலர்ந்த துணியால் துடை, ஒரு சொட்டு எண்ணெய் போடு. துரையே மூன்று தரம் செய்து காட்டியிருந்தார்.

துரை ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பார்க்கப் போயிருந்தார். அலமாரிக் கூட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டுத் துரு. துணியால் துடைத்தால் போகவில்லை. ஞானையா அண்ணன் என்ன செய்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. புளி, சாம்பல், தேங்காய் நார். கூடு வெள்ளிக் கரண்டி மாதிரி மின்னியது. தண்ணீர் ஊற்றி அலசினார். அலசிய தண்ணீரில் சாம்பல் எல்லாம் உள்ளே இறங்கிவிட்டது. தகடு அடியில் போய் மாட்டிக்கொண்டு மேலே வர மாட்டேன் என்றது.

அதோடு விட்டிருக்கலாம். துரை வந்ததும் சொல்லி நாலு திட்டு வாங்கியிருக்கலாம். பயந்துபோய் அதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல்.

மறுநாள் மத்தியானம் அக்கா என்னைச் சுவரைத் தட்டிக் கூப்பிட்டாள். போனேன். அண்ணன் கட்டிலில் கிடக்கிறார், பல் கிடுகிடுக்கிறது. அக்கா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் ஒரு துண்டு. துண்டின்மேல் அந்தக் கூடு. செத்த எலியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, இது என்னன்னு தெரியுதா?”

“தெரியல.”

“தெரியாட்டா நல்லதுதான். ஒன் தையல் மிஷின் எண்ணெயக் கொண்டா.”

கொண்டு வந்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

“கெணத்துல போட்டுரு அக்கா.”

“போட்டா? நாளைக்குக் காலம்பர தொரை வாராவ. அலமாரியத் தொறந்து எங்கேன்னு கேட்டா, இவிய கெணத்தையா காட்டுவாவ? கழுத்துல கயிறு போட்டு இழுத்துக்கிட்டுப் போயிருவானுவ.” கட்டிலைப் பார்த்தாள். “ஏங்க. இதுக்குள்ள தோட்டா இருக்கா?”

“ஏழையும் எடுத்துட்டேன். டிராயர்ல இருக்கு.”

“எண்ணினியளா?”

“எண்ணினேன்னு நெனைக்கேன்.”

“நெனைக்கியளா?” என்றாள் அக்கா. “நல்ல நெனைப்பு.”

அவர் சொல்லை நம்பவில்லை. கூட்டைப் பிடித்துக்கொண்டு, வாய் சுவரைப் பார்க்க, பக்கவாட்டில் இருந்த சின்ன ஓட்டைகள் வழியாக வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மஞ்சளாக எதுவும் மின்னவில்லை. என்னையும் பார்க்கச் சொன்னாள். நானும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மடியில் வைத்தாள்.

அண்ணன் பல் கிடுகிடுக்க வழி சொன்னார். முதலில் வாய் வழியாக மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தோம். அகப்பைக் காம்பால் தகட்டைப் பைய அமுக்கினாள். ‘டக்’கென்று விடுபட்டு மேலே வந்தது. மறுபடி காம்பால் தகட்டைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஓட்டை வழியாகக் கோணி ஊசியைக் குறுக்கே விடச் சொன்னார். நான் விட்டேன். ஊசி சுருள்கம்பியைப் பிடித்துக்கொண்டது. காம்பை எடுத்துவிட்டுக் கூட்டைக் கவிழ்த்துத் தட்டினால் தகடு மட்டும் தனியாக விழுந்தது.

“இனிதான் சூதானமா இருக்கணும். வாயைத் துணியால மூடு. மேல கட்டைவிரலை வையி. அப்புறம் ஊசிய உருவு. கம்பி ஒரு சாண் நீளத்துக்குப் பாயும். பைய பைய விடணும். கண்ணுல அடிச்சா கண்ணு போயிரும்” என்றார் அண்ணன்.

அக்கா துண்டால் மூடிக் கட்டைவிரலை வைத்தாள். நான் ஊசியை உருவினேன்.

வாசலில் செருப்புச் சத்தம்.

“ஞானையா இருக்காரா?”

சிவசைலம் ஏட்டு. பங்களா வாசலில் காவல் நிற்கிற அதே ஏட்டு.

ஊசி கையிலிருந்து விழுந்து கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. தகட்டின்மேல் என் காலை வைத்துக்கொண்டேன். அக்கா விரலைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தாள். உள்ளே இருந்த சாம்பல் அரைபட்டுக் கம்பி ‘கிறீச்’ என்றது. சட்டென்று மறுபடி அமுக்கிவிட்டாள். விடவும் முடியாது, சொருகவும் ஊசி இல்லை. முந்தானையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள். ஏட்டு குனிந்து உள்ளே வந்தார்.

“என்ன தாயி, மண்ணெண்ணெய் வாடை இந்தப் போடு போடுது?”

நான் அக்காவின் கொண்டையை அவிழ்த்துவிட்டேன். “பேன், ஏட்டையா. அக்கா தலை நெறய பேன். ஒட்டிக்கிடும், அங்கனயே நில்லுங்க.”

ரெண்டு அடி பின்னால் நகர்ந்தார். போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஞானையாவுக்கு என்ன?”

“குளிர்காய்ச்சல்” என்றாள் அக்கா. குரல் ஆடவில்லை. நான் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சீப்பை எடுத்துக்கொண்டேன்.

“நேத்துச் சாயங்காலம் மடியில ஏதோ பொட்டலம் கட்டிக்கிட்டு வந்தாரு. எப்பவும் நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவாரு. நேத்து குனிஞ்ச தலை நிமிரல. அதான் என்னன்னு கேட்டுட்டுப் போவலாம்னு.”

“கேக்கு” என்றாள் அக்கா. “தொரசாணி குடுத்த கேக்கு.”

“தொரசாணி ஊட்டிக்குப் போயி மூணு மாசமாச்சே.”

நான் சீப்பை இன்னும் அழுத்தி வாரினேன்.

“அதான் பூசணம் பூத்துக் கெடந்துச்சு” என்றாள் அக்கா. “கோழிக்குப் போட்டாச்சு.”

“கோழி எங்க?”

“செத்துப் போச்சு” என்றேன் நான்.

ஏட்டு சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் முனகினார். “ஏழு... ஏழும் இருக்கு தொரை.”

“எது ஏழு?” என்றார் ஏட்டு.

“வெள்ளி முள்ளு” என்றாள் அக்கா. “காய்ச்சல்லயும் முள்ளு எண்ணுதாவ. இவியளுக்கு வாக்கப்பட்டு நான் படுத பாடு ஒங்களுக்கு எங்க தெரியப் போவுது.”

கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மழையைப் பற்றிப் பேசினார். தச்சநல்லூரில் நெல் விலை பற்றிப் பேசினார். நான் இல்லாத பேனைச் சீப்பால் வாரிக்கொண்டே இருந்தேன். அக்காவின் மடியில் முந்தானை ஒரு இடத்தில் ஈரமாகி, அந்த ஈரம் சிவப்பாகிப் பரவியது. கூட்டின் வாய் ஓரம் ரெண்டும் கத்தி மாதிரி. துணியை அறுத்து விரலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவளிடமிருந்து ஒரு முக்கல் முனகல் இல்லை. நான் இன்னொரு துண்டை எடுத்து அவள் தோளில் போடுவதுபோல மடியில் போட்டேன்.

ஏட்டு கடைசியாக எழுந்தார். “தொரை நாளைக்கு ஒம்பது மணிக்கு வாராவ. பங்களாவுல எது எங்கன இருக்கணுமோ, அது அங்கன இருக்கணும்னு ஞானையாகிட்ட சொல்லுங்க.” சொல்லிவிட்டுப் போனார்.

செருப்புச் சத்தம் தெரு திரும்பிய பிறகும் அக்கா விரலை எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவில்லை. நான்தான் அவள் கைமேல் என் கையை வைத்துப் பைய பைய மேலே தூக்கினேன். கம்பி கிறீச்சிட்டுக்கொண்டே வெளியே வந்தது. அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, “என்ன பாத்துக்கிட்டு இருக்க, கழுவு” என்றாள்.

கழுவினோம். மண்ணெண்ணெயில் கூடு, கம்பி, தகடு மூன்றையும் தனித்தனியாக. ஈர்க்கில் துணி சுற்றி உள்ளே துடைத்தால் சாம்பல் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. துணி வெள்ளையாக வரும்வரை விடவில்லை. பிறகு உலர்த்தி, மிஷின் எண்ணெயை ஒரு சொட்டு துணியில் தொட்டுக் கம்பியில் தடவினோம். கூடுதலாக விட்டால் வழிந்து தோட்டாவைக் கெடுக்கும் என்று அண்ணன் முனகினார். மாட்டுகிறபோது முதலில் கம்பியைத் தலைகீழாகப் போட்டுவிட்டோம், தகடு பின்னால் சாய்ந்து நின்றது. எடுத்துத் திருப்பிப் போட்டோம். தகட்டை விரலால் அமுக்கினால் சத்தமில்லாமல் போய், சத்தமில்லாமல் வந்தது.

காலையில் ஏழு மணிக்கு, வெளுத்து மடித்த மேஜைத் துணிகளுக்கு நடுவில் அதை வைத்துக்கொண்டு அக்கா பங்களாவுக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். வாசலில் சிவசைலம் ஏட்டு நின்றார். துணிக் கட்டின்மேல் கை வைத்தார். எனக்கு அந்த வாத்தியார் முகம் ஞாபகம் வந்தது.

“விரல்ல என்ன கட்டு?”

“அருவாமனை வெட்டிருச்சு.”

“வலது கைக் கட்டைவிரலையா?” கையை எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் மூணு பொம்பளைப் பிள்ளைய இருக்கு, தாயி. நான் காவல்ல நின்ன நேரத்துல ஒரு சாமான் வெளிய போயிருக்கு. எப்படிப் போச்சுன்னு கேட்டா, மொதல்ல என் சட்டையத்தான் கழத்துவாவ. நேத்துப் பூரா எனக்குச் சோறு எறங்கல. போங்க. எடுத்த எடத்துல வச்சிட்டு வாங்க.”

அக்கா துணிக் கட்டை இடுக்கிக்கொண்டு நடந்தாள். உள்ளே போய் வைத்தாள். டிராயரைத் திறந்து தோட்டாவை எண்ணினாள். ஏழு இருந்தது. தோட்டாவை உள்ளே போடுவது துரையின் வேலை, அதை அவள் தொடவில்லை.

துரை வந்தார். கூட்டை எடுத்தார், தகட்டை அமுக்கிப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக யாரும் வைத்ததில்லை என்றாராம். இனி ரெண்டு கூட்டையும் பட்லரே சுத்தம் பண்ணட்டும் என்றாராம். காய்ச்சல் தெளிந்து வந்து ஞானையா அண்ணன் இதைப் பெருமையாகச் சொன்னார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வீட்டில் சாம்பலைத் தொட்டதில்லை. அவர்கள் வீட்டுப் பித்தளை எல்லாம் கறுத்துக் கிடக்கிறது.

அக்காவின் விரல் சீழ் பிடித்து, மிஷன் ஆஸ்பத்திரியில் கீறிக் கட்டி, ஆறியது. ஆனால் மடங்காது. அந்த விரலால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது, மாவு உருட்ட முடியாது. வேலையெல்லாம் இடது கையால்தான். புளியும் சாம்பலும் பற்றிய வசவை மட்டும் இப்போதும் காலையில் சொல்லுகிறாள். அதைச் சொல்லாவிட்டால் அடுப்பு எரியாது போல.

அண்ணன் இப்போது வேறொரு துரையோடு மாதத்தில் இருபது நாள் முகாம் போய்விடுகிறார். அக்கா தனியாக இருக்கிறாள். பாளையங்கோட்டைப் பக்கம் வருகிறவர்கள் போய்ப் பாருங்கள். கோயில் தெருவில் இடது கைப்பக்கம், கறுத்த தாழ்ப்பாள் போட்ட வீடு. கொஞ்ச நேரம் உட்கார்ந்து ரெண்டு தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கதவை மட்டும் தட்டாதீர்கள், செருப்பையும் தேய்த்துக்கொண்டு போகாதீர்கள். தெரு முனையிலேயே நின்று, இன்னார் வந்திருக்கிறோம் என்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போங்கள்.