களிகூருங்கள்

தம்பி காய்ச்சலில் இறந்த மறுநாள், சபைக்குப் புதிதாக வந்திருந்த உபதேசியார் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன், நீளமாக ஜெபித்தார். எழும்பும்போது அம்மாவிடம், "கர்த்தருக்குள்ள களிகூருங்கம்மா" என்றார்.

எங்கள் இரணியல் பக்கத்தில் களி என்றால் விளையாட்டு. களியாக்குவது என்றால் கேலி செய்வது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளைய மண்ணுல வச்சுட்டு இருக்கோம். நீரு களியாக்குதீரா?"

உபதேசியாருக்குத் தெரிந்தது உளுந்தங்களி மட்டும்.

"எனக்காக ஒண்ணும் ஆக்க வேண்டாம்மா. இப்பதான் சாப்ட்டுட்டு வாரேன்."

கருப்பட்டி வியாபாரத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் போய்வரும் அப்பாவுக்கு இரண்டு பேச்சும் புரியும். தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுகிறார் என்று எண்ணி உபதேசியார் இன்னொரு ஜெபம் செய்தார்.

அவர் போன பிறகு அப்பா அம்மாவுக்கு அர்த்தத்தை விளக்கிச் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். கேலி செய்திருந்தால்கூட அம்மா மன்னித்திருப்பாள். பிள்ளை செத்த வீட்டில் சந்தோஷப்படச் சொன்னவரை அவளால் மன்னிக்க முடியவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இனி போகவே மாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கோயில் எங்கள் வீடு நிற்கும் விளைக்கு அடுத்தது; பாட்டு வீடுவரை கேட்கும். பெண்கள் பக்கத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அம்மாதான். அவள் இல்லாமல் ஞாயிறுதோறும் பாட்டு நொண்டியது. ஒரு ஞாயிறு உபதேசியாரின் மனைவி எட்டாத சுருதியில் ஆரம்பித்துவிட்டார். மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சட்டியை மூடிவிட்டு அப்படியே எழுந்து போனாள். நானும் பின்னால் ஓடினேன். பெண்கள் அவளுக்கு இடம் விட்டார்கள், மீன் வாடைக்கும் சேர்த்து. அவள் பாட்டை இறக்கிப் பிடித்தாள். இரண்டாம் சரணத்தில் கண்ணீர் கழுத்துவரை வழிந்தது. குரல் மட்டும் உடையவில்லை.

வரும் வழியில், ஆண்கள் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்ட அப்பா கேட்டார்: "ஏட்டி, இப்ப சந்தோஷமா?"

"எனக்கு எதுக்கு சந்தோஷம்? எம்பிள்ளை இல்ல. நெஞ்சு அப்படியேதான் நோவுது." சற்று நடந்தாள். "அதுக்கும் அடியில வேற ஒண்ணு கெடக்கு. அது செத்துப்போவல்ல."

அதற்கு என்ன பெயர் என்று அப்பா கேட்கவில்லை.

மத்தியானம் மீன்குழம்பு. பரிமாறிக்கொண்டே தம்பியின் பெயரைச் சொல்லி, அவனுக்கு வால்துண்டுதான் பிடிக்கும் என்றாள். அவன் போன பிறகு அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டது அன்றுதான். வால்துண்டு அகப்பையிலேயே இருந்தது.

அப்பா அதைத் தனக்குப் போடச் சொன்னார்.