மூன்றாம் முறை தேறியவளிடம் டியூஷன்

அரையாண்டுத் தேர்வில் என் மகள் கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கிக்கொண்டு வந்தாள். பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்விலும் இப்படியே விழுந்தால் என்னைப் போல ஆம்பூர் ஷூ கம்பெனிதான்.

டியூஷன் தேடிக் கிளம்பினேன். பஜாரில் பேர்போன ஓர் இடத்தில், சேர்வதற்கே கணக்குப் பரீட்சை. நாற்பது எடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம்.

"நாப்பது எடுக்கிற பொண்ண நான் எதுக்கு சார் இங்க இட்டுனு வர்றேன்?" என்று கேட்டேவிட்டேன்.

"இங்க எல்லாம் நூத்துக்கு நூறும்மா" என்று போர்டைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாகப் படிக்கிறவர்களாகப் பொறுக்கிக்கொண்டால் நூறு நானும்தான் வாங்கித் தருவேன்.

இன்னோர் இடத்தில் மாடி ஹால் நிறையப் பிள்ளைகள், சாருக்கு மைக். மகளின் நோட்டு பளிச்சென்று நிரம்பியது. "புரிஞ்சுதா?" என்றால் மட்டும் ஃபேனைப் பார்ப்பாள்.

கம்பெனி பஸ்ஸில் இந்தப் பேஜாரைப் புலம்பிக்கொண்டிருந்தேன். தையல் செக்‌ஷனில் வேலை செய்யும் பக்கத்துத் தெருப் பெண், இருபத்திரண்டு வயசு இருக்கும், "நான் சொல்லித் தரட்டாக்கா?" என்றாள்.

"நீ கணக்குல எப்படி?"

"ரெண்டு தடவ ஃபெயில்க்கா. மூணாவது தடவ பாஸ்."

சிரித்துவிட்டேன். ஆனாலும் வேறு போக்கிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து மகளின் விடைத்தாளை விரித்தாள். "அடைப்புக்குறிக்கு முன்னாடி மைனஸ் இருந்தா உள்ள ரெண்டு குறியுமே மாறும். நீ ஒண்ணத்தான் மாத்திக்கீற. நானும் இங்கதான் விழுந்தேன்." பக்கத்தைத் திருப்பினாள். "இங்கயும் விழுந்தேன்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கை வைத்துக்கொண்டு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

பொதுத்தேர்வில் அறுபத்தொன்று. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஸ்வீட் டப்பாவோடு தையல் செக்‌ஷனுக்கு ஓடினேன். அவளுக்கு என்னைவிட சந்தோஷம். நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "நீ ஃபெயிலானப்ப வீட்ல செம டோஸா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. மறுநாளே இங்க சேத்துட்டாங்க. அடுத்த ரெண்டு தடவயும் வேலைக்கு வந்துக்கினேதான் எழுதுனேன்."

இவளுக்காக ஒரு டியூஷன் வாசலிலும் போய் யாரும் சண்டை போட்டிருக்கவில்லை. மணி அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனாள். மிச்ச ஸ்வீட்டை டப்பாவோடு அவள் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.