உறை பிரிக்காத தங்கசாமி

காரில் ஏறுவதற்கு முன் தங்கசாமி சட்டைப் பையிலிருந்து டேப் சுருளை எடுத்து, முன் இருக்கையின் பாலித்தீன் உறையில் நேற்றுக் கிழிந்த இடத்தை ஒட்டுகிறார். முந்தாநாள் ஒட்டிய துண்டின் மேல் இது இன்னொரு துண்டு. கார் வாங்கி வருடம் ஆறாகிறது. கம்பெனிக்காரன் மாட்டிக் கொடுத்த உறையில் இப்போது பாலித்தீனைவிட டேப்தான் அதிகம். சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து மோகனூர் வரை போகிறவர்கள் இறங்கும்போது, வேட்டியோடு உறையும் கொஞ்சம் எழுந்து வரும். அதைத் தட்டி உட்கார வைப்பார். "பாத்து எறங்குங்க, புது சீட்டு."

வீட்டிலும் அப்படித்தான். ஃப்ரிட்ஜ் கதவின் மேல் ஒட்டி வந்த நீலத் தாள் ஓரங்களில் சுருண்டு, காற்றடித்தால் படபடக்கிறது. டிவி ரிமோட் வாங்கிய பாலித்தீன் பைக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பொத்தான் எதற்கென்று அவர் கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும். மூக்குக் கண்ணாடியின் மூலையில் கடைக்காரன் ஒட்டிய பொடி ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. அந்த மூலையை விட்டுவிட்டு மிச்ச உலகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார். செத்துப்போன அப்பாவின் படத்துக்குக் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் பாலித்தீன், பாலித்தீனுக்கு மேல்தான் மாலை. மனைவி சென்னியம்மாள் வருகிறவர்களிடம் சொல்வாள்: "இந்த ஊட்டுல உறை போடாம வெச்சிருக்கறது என்னைய மட்டுந்தானுங்க. அதான் இப்படித் தேஞ்சு போயிட்டேன்."

சென்னியம்மாள் காரணம் கேட்டால் சிரிப்பார். லாரிக் கிளீனராக இருந்தவர். அண்ணன் போட்டுக் கழித்த சட்டை, மாமன் ஓட்டிக் கழித்த சைக்கிள். சொந்தமாக வாங்கிய முதல் லாரிகூட மூன்று கை மாறி வந்ததுதான். "நம்ம கை பட்டா எதும் பழசாயிரும் புள்ள" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சு போகாது.

எருமப்பட்டி ரோட்டில் அவர் கட்டிய கல்யாண மண்டபம்தான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய புதுசு. முதல் முகூர்த்தம் வெள்ளிக்கிழமை, சொந்த மகள் தனப்பிரியாவுக்கு. பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் மாப்பிள்ளையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. நாற்காலிகள் உறையோடு, லிஃப்ட்டின் சுவர்கள் நீலத் தாளோடு, குழாய்கள் பஞ்சுச் சுருளோடு நின்றன. கூரையில் வரிசையாகத் தொங்கிய ஸ்பிரிங்க்ளர்களின் மேல் ஆரஞ்சு நிறத் தொப்பிகள். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் கொட்டுகிற குழாய் முனைகள் அவை. கட்டட வேலையில் அடிபடாமல் இருப்பதற்காகத் தொப்பியோடு வந்தவை. சேலத்திலிருந்து வந்து அவற்றைப் பொருத்திய சிவக்குமார் கடைசியாக ஒரு வேலை பாக்கி என்று வந்து நின்றான்.

"ஏனுங்ணா, பெயின்ட் வேலை முடிஞ்சுது. தொப்பியெல்லாம் கழட்டிர்றேனுங்க."

"எதுக்கு?"

"கழட்டுனாத்தானுங்ணா வேலை செய்யும்."

"இப்ப அதுக்கு என்ன வேலை? இருக்கட்டும். தூசி படியுமல்லொ."

சிவக்குமார் விளக்கினான். உள்ளே சிவப்புத் திரவம் அடைத்த சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. சூடு பட்டால் அது உடையும், உடைந்தால் தண்ணீர் கொட்டும். தொப்பி இருந்தால் இரண்டும் ஒழுங்காக நடக்காது. தங்கசாமியின் காதில் கண்ணாடி என்பது மட்டும் தங்கியது.

"கண்ணாடின்னு நீயே சொல்ற. பூ அலங்காரம் பண்றவன் ஏணியக் கொண்டாந்து முட்டுனா? பொண்ணு தலைல தண்ணி ஊத்தும். தொப்பி பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

"தீப் புடிச்சா?"

"புடிச்சா அப்பக் கழட்டிக்கலாம்."

சிவக்குமார் அண்ணாந்து கூரையின் உயரத்தைப் பார்த்தான். "அப்ப யாருங்ணா மேல ஏர்றது?"

"ஆள் போட்டுக்கலாம் தம்பி."

சிவக்குமார் நேராகச் சென்னியம்மாளிடம் போனான். மத்தியானம் சோறு போடும்போது அவள் தீயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தீயைச் சொல்லி இந்த மனிதரைப் பயமுறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"புதன்கெழமை தீயணைப்பு ஆபீசர் வாராராம். அவரு கையெழுத்துப் போடலீன்னா மண்டபந் தொறக்க முடியாதாமா. சங்ககிரிச் சம்பந்தியை எங்கீங்க உக்கார வெப்பீங்க? காருலயா? அங்கயும் புது சீட்டு."

தங்கசாமி ரசம் ஊற்றச் சொன்னார். பிறகு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வாசல் பக்கத்து வரிசையில் மட்டும் தொப்பியைக் கழற்றச் சொன்னார். ஆபீசர் என்றால் வாசலில் நின்று இளநீர் குடித்துவிட்டுப் போகிறவர் என்பது அவர் கணக்கு.

வந்தவர் இளநீரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். நடு மண்டபத்தில் நின்று நிமிர்ந்தார்.

"இதென்னங்க, வாசல்ல மட்டும் மொட்டை, உள்ள அத்தனையும் தொப்பி?"

"முகூர்த்தம் முடியட்டுமுங் சார். சனம் போனதும் எல்லாத்தையும் கழட்டிர்றேனுங்க."

"சனம் போனதுக்கப்புறம் யாருங்க எரியறதுக்கு இருக்கறாங்க?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் வரை பக்கத்து மில்லில் சோதனை இருக்கிறது, முடித்துவிட்டு இந்த வழியாகத்தான் வருவேன், ஒரு தொப்பி இருந்தாலும் கையெழுத்து இல்லை, நாளைக்கு நான் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சென்னியம்மாள் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"காரை எடுங்க. சங்ககிரிக்குப் போயி, பத்திரிக்கையத் திருப்பிக் குடுத்துருங்கன்னு நீங்களே கேட்டுட்டு வாங்க. எனக்கு அந்த வாய் இல்லீங்க."

அவர் அவளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். சிவக்குமார் ஏறப் போனபோது தோளைப் பிடித்து இறக்கினார். "உனக்கு மொரட்டுக் கை. நீ தள்ளு போதும்."

பெயின்ட்காரர்கள் விட்டுப்போயிருந்த சக்கரம் வைத்த சாரத்தின் உச்சியில் தங்கசாமி நின்றார். சிவக்குமார் தள்ளினான். கீழே சென்னியம்மாள் பையை விரித்துப் பிடித்தபடி கூடவே நடந்தாள். குழந்தை தலையிலிருந்து குல்லாவை எடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்ததும் ஊதினார். அங்கே தூசி ஒன்றும் இல்லை.

"குமிழைத் தொட்டுராதீங்ணா!"

"எனக்குத் தெரியும், தள்ளு." பிறகு குரல் மாறியது. "ஏம்புள்ள, மூக்குத்திக் கல்லாட்டம் மின்னுதுடி!"

"அதையா இத்தன நாளா மூடி வெச்சிருந்தீங்க?"

"இதைத்தான்டி மூடி வெக்கோணும்!"

வரிசை வரிசையாகத் தொப்பிகள் பைக்குள் விழுந்தன. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அவர் திரும்பிப் பார்த்து, தொப்பி போன குமிழ்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா என்று கவலைப்பட்டார். "அண்ணா, அது ஓடிப் போகாதுங்ணா" என்றான் சிவக்குமார். சாரம் மேடையை அடைந்தபோது வெளியே வெளிச்சம் சாய்ந்திருந்தது. மணவறைக்கு நேர் மேலே ஒன்று மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை அதற்குக் கீழேதான் தனப்பிரியா உட்காருவாள்.

அதன் தொப்பியைக் கழற்ற அவருக்கு வெகு நேரம் பிடித்தது. கழற்றிய பிறகு ஊதக்கூட இல்லை. சாரத்தின் சக்கரம் லேசாக அசைந்தது. "ஆட்டாதடா!" என்று கத்தினார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. அதிகாரி பூட்ஸ் சத்தத்தோடு உள்ளே வந்து, அண்ணாந்தபடியே வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு மேடை வரை வந்தார். சென்னியம்மாள் நிறைந்த பையைத் தூக்கிக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டுப் பேனாவின் மூடியைத் திறந்தார். அப்புறம் சாரத்தின் உச்சியைப் பார்த்தார். தங்கசாமி அந்தக் கடைசிக் குமிழைத் தொடாமல், அதைச் சுற்றி உள்ளங்கையைக் குவித்துப் பிடித்திருந்தார்.

"கையையும் எடுங்க" என்றார் அதிகாரி.

தங்கசாமி கீழே மணவறையை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தார்.