எல்லோரும் திருத்தலாம்

எக்ஸ்ரே தொழில்நுட்பர் சங்கத்தில் அவரை ‘மினிட்ஸ் அக்கா’ என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். பதினான்கு வருடமாகச் செயலாளர். கூட்டத்தில் யார் எதை முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று ஒன்று விடாமல் குறித்து, அச்சடித்து, முந்நூற்றுச் சொச்சம் உறுப்பினர்களுக்கும் தபாலில் அனுப்பிவைப்பார். அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஒருமுறை சோதித்துப் பார்க்கவே, ‘தேநீர் இடைவேளையில் யானை ஒன்று வந்து போனது’ என்று நடுவில் ஒரு வரியைச் செருகினார். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பு ஏகமனதாக நிறைவேறியது.

அக்காவுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியில், மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலில்லாத அறையில். கதிர் படாமல் காக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, “மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க” என்று ஒரு நாளைக்கு எண்பது தடவையாவது சொல்வார். வீட்டில் கணவர் குரலை உயர்த்தினாலும் இதே மூன்று சொல்தான். “என்னை என்ன படமா பிடிக்கப்போறே?” என்று அவர் சிரித்துவிடுவார். சண்டை அதோடு சரி.

அக்காவை அரித்துக்கொண்டிருந்த கவலை வேறு. சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு வரும் கூட்டம் தேய்ந்துகொண்டே போனது. வருகிறவர்களும் அதே ஐம்பது அறுபது பேர்தான். எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள். மாற்றிவிட இன்னோர் ஆள் இருக்கிற இடத்திலிருந்துதானே கிளம்ப முடியும்?

அந்த வருடம் வழக்கமான அச்சகம் மூடிக்கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கூட்டக் குறிப்புத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அக்கா விழித்துக்கொண்டிருக்க, கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாத்தனார் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள்.

“இதுக்கு எதுக்கு அண்ணி அச்சும் தபாலும்? ஆன்லைன்ல ஏத்திட்டு லிங்க்கை அனுப்புங்க. எங்க ஆபீஸ்ல எல்லாமே இப்படித்தான்.”

ஏற்றினார்கள். நாத்தனார் அடுப்பை அணைக்க எழுந்து போன நேரத்தில், யார் யாருக்கு என்ன அனுமதி என்று கணினி கேட்டது. ‘எல்லோரும் திருத்தலாம்’ என்பதை அக்கா அழுத்தினார். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திவிட்டுப் போகட்டுமே, நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சங்கத் தலைவரிடமிருந்து போன். அவர் ஓய்வுபெற்ற முதுநிலை எக்ஸ்ரே அதிகாரி, தன் பேச்சில் ஒரு சொல்கூட விடுபடக் கூடாது என்கிற மனிதர்.

“என்னம்மா இது அநியாயம்! என் வரவேற்புரை ரெண்டு பக்கம் இருந்துச்சே, எங்க போச்சு?”

அக்கா திறந்து பார்த்தார். ‘தலைவர் வரவேற்றார்’ என்று ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது. ஓரத்தில் யாரோ, ‘அவ்வளவுதான் நடந்தது’ என்று எழுதியிருந்தார்கள். பதற்றத்திலும் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சாயங்காலம் நாத்தனார் வந்து பார்த்தாள். “பதறாதீங்க அண்ணி. பழைய பிரதியெல்லாம் உள்ளேயே பத்திரமா இருக்கு.” இரண்டு நிமிடத்தில் வரவேற்புரை முழுசாகத் திரும்பியது. “இனிமே யாரும் கை வைக்காம பூட்டிடட்டுமா?”

“இரு, இரு” என்றார் அக்கா. அவர் கண் ஓரத்துக் குறிப்புகளில் நின்றுவிட்டது. நாற்பத்தாறு குறிப்புகள். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக யாரோ வாசித்திருக்கிறார்கள்! ‘நான் இப்படிச் சொல்லவே இல்லை’ என்று ஒருவர் சண்டைக்கு வந்திருந்தார். ‘குழந்தைகளுக்கு மார்பு எக்ஸ்ரே எடுப்பதிலுள்ள சிக்கல்கள் பற்றிப் பேசப்பட்டது’ என்ற வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்வி.

‘என்ன பேசினீங்க? அதையும் எழுதியிருக்கலாமே. எங்களை மாதிரி வர முடியாதவங்களுக்கு அதுதானே வேணும்?’

கேட்டவர் மலைமேல் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியின் ஒரே எக்ஸ்ரே தொழில்நுட்பர். ஆறு வருடமாக உறுப்பினர். ஒரு மாநாட்டில்கூட அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

அக்காவுக்குச் சுருக்கென்றது. ‘பேசப்பட்டது’ என்று எத்தனை நூறு தடவை எழுதியிருப்பார்! என்ன பேசப்பட்டது என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, பிள்ளைகளை அசையாமல் வைத்திருக்க அன்று ஆளாளுக்குச் சொன்ன வழிகளையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து தட்டினார். மறுநாள் மலையிலிருந்து பதில் வந்தது: ‘நான் அழுகையை அடக்கவே மாட்டேன் அக்கா. அழுற பிள்ளைதான் மூச்சை ஆழமா இழுக்கும். வயிறு உப்புற நொடிக்குக் காத்திருந்து பட்டனை அழுத்துவேன். படம் பளிச்சுனு வரும்.’

அதன் கீழே இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள். தலைவரின் மன அமைதிக்காகக் கூட்டக் குறிப்பைப் பூட்டிவிட்டு, அக்கா புதிதாக இன்னொரு பக்கத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். கூன் விழுந்த முதியவரை எப்படிப் படுக்க வைப்பது, எந்தப் பக்கம் பஞ்சுத் திண்டு வைப்பது என்று கேள்வியும் பதிலும் நாலு மாதத்தில் மலையாகக் குவிந்தன. ‘தனியாளாக வேலை பார்ப்பவர்கள் இங்கே பெயர் எழுதவும்’ என்று ஒருவர் அட்டவணை போட்டார். நாற்பத்தொரு பெயர் சேர்ந்தது. இத்தனை பேரா என்று அக்காவே அசந்துபோனார்.

அந்த வருட மாநாட்டு நிகழ்ச்சி நிரலை அந்தப் பக்கத்திலிருந்தே எடுக்கலாம், வர முடியாதவர்கள் திரை வழியாகப் பேசட்டும் என்றார் அக்கா. தலைவர் முகத்தைச் சுளித்தார்.

“மாநாடுன்னா மனுஷன் மூஞ்சியை மனுஷன் பார்க்கணும்மா.”

“பார்க்கத்தான் சார் போறோம். இதுவரைக்கும் பார்க்காத மூஞ்சியை.”

“என் வரவேற்புரை உண்டுதானே?” என்று மட்டும் கேட்டார் தலைவர். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அக்கா வேலையைத் தொடங்கிவிட்டார்.

மாநாட்டு நாளில் அரங்கத்தில் எழுபது பேர். திரையில் நூற்றுப் பத்து பேர், பாதிப் பேர் பணி உடையிலேயே. முதல் அரை மணி நேரம் “கேக்குதா? கேக்குதா?” என்பதிலேயே போயிற்று. பிறகு மலை ஆஸ்பத்திரிப் பெண் பெரிதாகத் தெரிந்தார். ஒல்லியான உருவம், கண்ணாடி, பின்னால் சுவரில் தொங்கும் ஈய அங்கி. நாலு வாக்கியம் பேசியிருப்பார், கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“மன்னிச்சுக்கோங்க, ஒரு கேஸ் வந்திருக்கு” என்று கேமராவையும் ஒலியையும் அணைத்துவிட்டு எழுந்து போனார்.

திரை இருண்டது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. அடுத்தவரைக் கூப்பிடலாமா என்று அக்கா தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் மைக்கை எடுத்தார். போச்சு, ஒரு பிரசங்கம் ஆரம்பம் என்று அக்கா நினைத்தார்.

“யாரும் எழுந்திருக்க வேண்டாம். அந்தம்மா டியூட்டியில இருக்காங்க. நாம காத்திருப்போம்.”

அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய உரை அதுதான். ஒன்பது நிமிடம் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஆள் இல்லாத அறையில் தனியாக ஓடி ஓடி வேலை பார்ப்பது எப்படி என்று பேச்சைவிட அந்த இருண்ட திரை நன்றாகச் சொன்னது. அந்தப் பெண் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, “இன்னும் இருக்கீங்களா!” என்று கேட்டபோது அரங்கமே கைதட்டியது. அக்கா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

நாற்பத்தொரு பெயர்ப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு தலைவரும் அக்காவும் சுகாதாரத் துறை அலுவலகத்துக்கு ஏழு நடை நடந்தார்கள். பதினொரு ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது ஆள் நியமிக்க உத்தரவு வந்தது. மலை ஆஸ்பத்திரி அதில் இல்லை. செய்தியைச் சொல்லக் கூப்பிட்ட அக்கா, மன்னிப்புக் கேட்பதிலிருந்தே தொடங்கினார்.

“விடுங்க அக்கா, பதினொண்ணு வந்திருக்கே! மிச்சம் முப்பதுக்கும் விவரத்தை நானே திரட்டித் தர்றேன்” என்றார் அந்தப் பெண்.

அந்த வாரமே அவரை இணைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். முன்மொழிந்தவர் தலைவர். ஓட்டு முழுக்க ஆன்லைனில்தான் நடந்தது. இருநூற்று எண்பது பேர் போட்டார்கள்.