எங்கள் மொட்டை மாடியில் ஏறிய கொடி

இன்று காலை எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் மொட்டை மாடியில் புது ஏரியலைக் கட்டிப் பார்த்தேன். சுருட்டினால் சட்டைப் பைக்குள் அடங்கும் வெறும் கம்பி. என் குட்டி ஹாம் ரேடியோவின் ஐந்து வாட்டுக்கு அது போதுமா என்று பார்க்க ஆசை.

லைசென்ஸ் கையோடு இருந்தது. இந்த யுத்த நாட்களில் மாடியில் கம்பி இழுக்கும் தமிழனுக்கு ரேடியோவை விட அதுதான் முக்கியம்.

ஹெட்போனோடு உட்கார்ந்து, தூரத்தில் யாருக்காவது கேட்கிறதா என்று ரேடியோவில் அழைத்துக்கொண்டிருந்தேன். பிளாட் கமிட்டித் தலைவர் சிவராசா அங்கிள் மூச்சு வாங்க ஏறி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, எந்தக் கொடியைக் கட்டினனீர்? முதல்ல கழட்டும்."

"கொடியோ? கம்பி மட்டும்தான் அங்கிள் கட்டினனான்."

"மூண்டாம் மாடி அன்ரி படியில நிண்டு எல்லாருக்கும் சொல்லுறா, மேல தம்பி கொடி கட்டியிருக்கிறார் எண்டு. ஆமி செக்கிங் வாற நேரமெல்லோ."

திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால், ஏரியலில், அன்ரியின் சேலையும் இரண்டு துவாய்களும் ஈரம் சொட்டத் தொங்கின.

அங்கிள் தண்ணீர்த் தொட்டித் திட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உடுப்புக் காயப்போடுற இந்தக் கொடியோ" என்றார். பிறகு நெடுநேரம் சிரித்தார்.

அந்த ஈரச் சேலையோடேயே கொச்சியிலிருந்து ஒருவர் பதில் தந்தார். சத்தம் மெல்லிசு, ஆனால் தெளிவு என்றார். என்ன ஏரியல் என்றும் கேட்டார். விளக்கப் போகவில்லை.

நாளைக்கு அன்ரி பெட்ஷீட் தோய்க்கிறாவாம். பெட்ஷீட்டுக்கு எத்தனை வாட் கூட்ட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.